வட்டார வாழ்க்கைத் தரத்தை அளப்பது எப்படி? சிங்கப்பூர்த் தொண்டூழியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தாங்கள் வாழும் வட்டாரம் மக்களுக்கு எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை அளந்து பார்க்க விரும்பும் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். வசிப்போர் குழு, கோயில் தொண்டூழியர் அணி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் என யாராக இருந்தாலும் வழிமுறை ஒன்றுதான்.

மூன்று வட்டாரங்களில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் நாளே கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய்விடுகிறார்கள். எதற்காக அளக்கிறோம், யாரை எண்ணுகிறோம் என்று தீர்மானிக்காமல் திரட்டிய எண்கள் பிறகு எதற்கும் பயன்படுவதில்லை. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதல் ஆறு படிகளும் மேசையில் செய்யும் வேலை. காலும் வாயும் அதன் பிறகுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்தாறு பேர் போதும். அவர்களில் ஒருவர் 65 வயதைக் கடந்தவராகவும், ஒருவர் ஷிப்ட் வேலை பார்ப்பவராகவும் இருக்கட்டும். பகல் வேலைக்காரர்கள் மட்டுமே கொண்ட குழுவுக்கு இரவு பதினொரு மணி வட்டாரம் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

மாண்டரின் பேசுபவர் ஒருவரும் மலாய் பேசுபவர் ஒருவரும் வேண்டும். 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருப்பதால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக்குகளில் எல்லா இனத்தவரும் கலந்தே வாழ்கிறார்கள். தமிழ் மட்டும் பேசும் குழு தட்டும் கதவுகளில் பெரும்பாலானவை பதில் சொல்லாமல் மூடிக்கொள்ளும்.

பொருள்கள்: நோட்டுப் புத்தகம், அளவு நாடா, நிறுத்துக் கடிகார வசதியுள்ள கைப்பேசி, பெரிய தாளில் அச்சிட்ட வரைபடம். காலம்: எட்டு வாரம்.

2. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

“எங்கள் வட்டாரத்தில் வாழ்க்கைத் தரம் எப்படி?” என்பது அளக்கக்கூடிய கேள்வி இல்லை. “தனியாக வாழும் முதியவர் ஒருவர் யாருடைய உதவியும் இல்லாமல் சந்தைக்கும் பலதுறை மருந்தகத்துக்கும் போய்வர முடிகிறதா?” என்பதை அளக்கலாம். கேள்வி குறுகக் குறுக, என்னென்ன எண்கள் வேண்டும் என்பது தானாகவே புலப்படும்.

கேள்விக்குக் கீழே இன்னொரு வரியையும் எழுதுங்கள்: இந்த விடையை வைத்து யார் என்ன முடிவெடுக்கப் போகிறார்? அந்த வரியை நிரப்ப முடியவில்லை என்றால் கேள்வியை மாற்றுங்கள்.

நகரங்களை ஒப்பிடும் உலகத் தரவரிசைகளை அப்படியே இறக்கிக்கொள்ள வேண்டாம். அவற்றுக்கும் ஒரு கேள்வி உண்டு, ஆனால் அது உங்களுடைய கேள்வி இல்லை. மெர்சர் நிறுவனத்தின் பட்டியல், ஊழியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனங்கள் அவர்களுக்கு எவ்வளவு படித்தொகை தருவது என்று முடிவெடுக்க உதவுவது. இக்கனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட்டின் வாழத்தகு நகரங்கள் குறியீட்டில் நிலைத்தன்மைக்கு 25 விழுக்காடு, பண்பாட்டுக்கும் சுற்றுச்சூழலுக்கும் 25, சுகாதாரத்துக்கு 20, உள்கட்டமைப்புக்கு 20, கல்விக்கு 10 என எடை வகுத்திருக்கிறார்கள். ஈசூனில் ஓரறை வாடகை வீட்டில் இருக்கும் பாட்டிக்கு இந்த எடைகள் பொருந்துமா? அவரைக் கேட்டால் மின்தூக்கிக்கே பாதி எடையைக் கொடுப்பார்.

3. எல்லையை வரைந்துகொள்ளுங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பிறகு தரவைத் தேடும்போது ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் திண்டாடுகிறார்கள்.

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் 2019 பெருந்திட்டம் தீவை 55 திட்டமிடல் வட்டாரங்களாகவும் அவற்றை 332 துணை வட்டாரங்களாகவும் பிரிக்கிறது. மக்கள்தொகை எண்கள் இந்தப் பிரிவுப்படி கிடைக்கும். வீவக புளோக்குகளைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் எல்லை தேர்தல் தொகுதியைப் பின்பற்றுகிறது, தொகுதி எல்லையோ தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடியது. காற்றுத் தரத்தைக் காட்டும் பிஎஸ்ஐ வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என ஐந்து வட்டாரங்களுக்கு மட்டுமே வெளியிடப்படுகிறது.

எனவே துணை வட்டாரத்தையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற தரவு எதையாவது சேர்க்கும்போது அது எந்த எல்லைக்குரியது என்று பக்கத்திலேயே குறியுங்கள். “எங்கள் புளோக்கில் பிஎஸ்ஐ 54” என்று எழுதிய ஒரு மாணவரிடம் அந்த எண் தீவின் வடபகுதி முழுவதற்கும் உரியது என்று விளக்க வேண்டியிருந்தது.

4. கீழ் எண்ணை முடிவு செய்யுங்கள்

வழிகாட்டி முழுவதிலும் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். எந்த அளவீடும் ஒரு பின்னம். “நூற்றுக்கு இத்தனை பேர்” என்னும்போது அந்த நூறு பேர் யார்? மேல் எண்ணைத் திரட்ட எல்லோரும் ஓடுகிறார்கள், கீழ் எண்ணை யாரும் கேட்பதில்லை.

2024 நடுப்பகுதியில் சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை சுமார் 6.04 மில்லியன். அவர்களில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 4.18 மில்லியன். மீதமுள்ள 1.86 மில்லியன் பேர் வேலை அனுமதி, மாணவர் அனுமதி போன்றவற்றில் இருப்பவர்கள். அதிகாரபூர்வ எண்கள் பலவற்றில் கீழே இருப்பது 4.18 மட்டுமே. அதை மறைத்து வைக்கவில்லை, அட்டவணையின் அடிக்குறிப்பில் தெளிவாகவே சொல்கிறார்கள். அடிக்குறிப்பைப் படிக்காமல் விடுவது நம் தவறு.

துணை வட்டாரவாரியாகக் கிடைக்கும் மக்கள்தொகைப் பட்டியலும் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே எண்ணுகிறது. வீட்டோடு தங்கி வேலை செய்யும் பணிப்பெண்கள் அதில் இல்லை. ஆனால் முதியவரை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்பவர், சந்தையிலிருந்து பைகளைத் தூக்கி வருபவர், பிள்ளையை விளையாட்டுத் திடலில் கவனிப்பவர் பெரும்பாலும் அவரே. நடைபாதையை அதிகம் பயன்படுத்துகிறவரை விட்டுவிட்டு நடைபாதையை எப்படி மதிப்பிடுவது?

வீட்டு உரிமை விகிதத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். ஏறத்தாழ 90 விழுக்காடு என்கிறோம். அதன் கீழ் எண் சிங்கப்பூர்வாசிக் குடும்பங்கள். பெற்றோரின் வீட்டில் தங்கி வீட்டுக்காகக் காத்திருக்கும் முப்பது வயது மகளும் உரிமையாளர் குடும்பத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறார். வருமானமும் அப்படித்தான். 2024இல் வேலைவழிக் குடும்ப வருமானத்தின் இடைநிலை மாதம் 11,297 வெள்ளி. அந்தக் கணக்கில் இருப்பவை ஒருவராவது வேலை செய்யும் குடும்பங்கள். முதலாளி செலுத்தும் மத்திய சேம நிதித் தொகையும் அதில் சேர்ந்திருக்கிறது. ஓய்வுபெற்ற தம்பதி மட்டும் வாழும் வீடு அதில் இல்லை. உங்கள் வட்டாரத்தில் அப்படிப்பட்ட வீடுகள் பல என்றால் அந்த எண் உங்களுக்கு வழிகாட்டாது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா நிலையத்திலிருந்து பஃப்ளோ சாலை வழியாக ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கம் நடந்து பாருங்கள். வெளிநாட்டு ஊழியர்கள் புல்வெளியில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், கைப்பேசியில் ஊரில் இருக்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். பத்துப் பேர் கழிப்பறை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். லிட்டில் இந்தியா ரோச்சோர் வட்டாரத்துக்குள் அடங்கிய ஒரு துணை வட்டாரம். அங்கே வசிப்போர் எண்ணிக்கையால் வகுத்தால் கழிப்பறை வசதி தாராளமாகத் தெரியும். அந்த மாலையில் அங்கே இருப்பவர்களால் வகுத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒவ்வொரு அளவீட்டுக்கும் பக்கத்தில் இரவில் அங்கே உறங்குவோர், பகலில் அங்கே வேலை செய்வோர், வந்துபோவோர் என்ற மூன்றில் எது கீழ் எண் என்று எழுதுங்கள். குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

5. பத்துக் குறிகாட்டிகளுக்கு மேல் வேண்டாம்

நகரச் சேவைகளுக்கும் வாழ்க்கைத் தரத்துக்குமான ஐஎஸ்ஓ 37120 என்ற அனைத்துலகத் தரநிலை 2014இல் வந்தது, 2018இல் திருத்தப்பட்டது. அதில் குறிகாட்டிகள் நூற்றுக்கு மேல் உள்ளன. அது நகர நிர்வாகங்களுக்கானது. அதிலிருந்து தலைப்புகளைப் பார்த்துக்கொள்ளலாம், முழுவதையும் சுமக்க வேண்டாம். ஐந்து பேர் கொண்ட குழு பத்துக்கு மேல் எடுத்தால் எல்லாமே அரைகுறையாக முடியும்.

குறிகாட்டி என்பது நிலைமையைக் காட்ட நாம் எடுத்துக்கொள்ளும் ஓர் அளவீடு. செலவு, செயல், விளைவு என மூன்று வகைக் குறிகாட்டிகள் உண்டு. எத்தனை பெஞ்ச் போட்டார்கள் என்பது செயல். முதியவர் வாரத்தில் எத்தனை நாள் கீழே இறங்குகிறார் என்பது விளைவு. குறைந்தது பாதியாவது விளைவாக இருக்கட்டும்.

ஒவ்வொன்றின் வரையறையையும் முழு வாக்கியமாக எழுதுங்கள். எம்ஆர்டி நம்பகத்தன்மையை எடுத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட தாமதங்களுக்கு இடையே ரயில்கள் சராசரியாக எத்தனை கிலோமீட்டர் ஓடின என்பதே அந்த அளவீடு. ரயில்களின் ஓட்டத்தை மதிப்பிட நல்ல அளவுகோல். ஆனால் ஆறு நிமிடத் தாமதமும் பல நாள் நீடித்த தடையும் அதில் ஒரு சம்பவமாகவே எண்ணப்படும். 2024 செப்டம்பரில் கிழக்கு மேற்கு ரயில் பாதையில் ஆறு நாள் சேவைத் தடை ஏற்பட்டபோது பயணிகள் இழந்த நேரத்தை அந்த எண்ணில் தேட முடியாது. பயணியின் நாளை அளக்க வேண்டுமானால் வீட்டு வாசலிலிருந்து வேலையிடம் வரை ஆகும் நேரத்தைத்தான் அளக்க வேண்டும். 2040ஆம் ஆண்டுக்கான நிலப் போக்குவரத்துப் பெருந்திட்டமும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் இலக்கு வைக்கிறது: அருகிலுள்ள அக்கம்பக்க மையத்துக்கு 20 நிமிடம், உச்ச நேரப் பயணங்களில் பத்தில் ஒன்பதுக்கு 45 நிமிடம். இந்த இரண்டையும் உங்கள் பட்டியலில் தயங்காமல் சேர்த்துக்கொள்ளலாம்.

6. இருக்கும் தரவை முதலில் எடுங்கள்

புள்ளிவிவரத் துறையின் அட்டவணைகள், அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளம், ஒன்மேப் வரைபடம் ஆகிய மூன்றும் இலவசம். இவற்றில் கிடைப்பதை வீடு வீடாகப் போய்க் கேட்பது மக்களின் நேரத்தைத் திருடுவதாகும்.

எடுக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். எந்த ஆண்டு, எந்த எல்லை, வரையறை இடையில் மாறியதா. துணை வட்டார மக்கள்தொகை எண்கள் பத்தின் மடங்குக்கு முழுமையாக்கப்பட்டவை. எனவே 85 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் என்று மிகச் சிறிய கூறாகப் பிரித்தால் எண் நம்பத்தக்கதாக இருக்காது.

“இல்லை” என்பதற்கு என்ன பொருள் என்றும் பாருங்கள். 14 நாளுக்குள் 150 மீட்டர் சுற்றளவில் இரண்டு பேருக்காவது டெங்கிக் காய்ச்சல் வந்தால்தான் அது குழுமம். உங்கள் புளோக் குழுமப் பட்டியலில் இல்லை என்பது கொசு இல்லை என்பதற்குச் சான்றாகாது. தேசிய வளர்ச்சி அமைச்சு வெளியிடும் நகர மன்ற நிர்வாக அறிக்கையில் மின்தூக்கிப் பராமரிப்புக்குப் பச்சை நிறம் கிடைத்திருந்தாலும் அது நகர மன்றப் பகுதி முழுவதற்குமான மதிப்பீடு. உங்கள் மின்தூக்கியின் கதையைப் புளோக்வாசிகள்தான் சொல்ல வேண்டும்.

7. காலால் அளங்கள்

வரைபடத்தில் தெரியும் தூரம் பறவைக்கு உரியது. ஒரு முறை, எழுபதைத் தாண்டிய ஒரு அம்மையாரோடு அவருடைய புளோக்கிலிருந்து சந்தைக்கு நடந்தோம். கைப்பேசி வரைபடம் 7 நிமிடம் என்றது. எங்களுக்கு 16 நிமிடம் ஆனது. இழுவைப் பையோடு இருந்ததால் நான்கு படிக்கட்டைத் தவிர்த்துச் சாய்தளத்தைச் சுற்றிப் போனார். கூரையுள்ள நடைபாதை முடிந்த இடத்தில் வெயிலைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார். தபால் பெட்டிகளுக்கு அருகில் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, “இங்கே ஒரு பெஞ்ச் இருந்தால் தினமும் வருவேன், தம்பி” என்றார். வாரத்தில் இரண்டு நாள்தான் அவர் இறங்குகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் கேள்வித்தாளில் பெஞ்ச் என்ற சொல்லே இல்லை.

அதனால் கேள்வித்தாளை எழுதுவதற்கு முன் நடங்கள். முதியவர் ஒருவர், தள்ளுவண்டியில் பிள்ளையோடு போகும் தாய் அல்லது தந்தை, சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் என மூவரோடு தனித்தனியாக ஒரே வழியில் போங்கள். அவர்களுடைய வேகத்தில் போங்கள். முன்னால் நடந்து இழுத்துச் செல்லாதீர்கள்.

குறிக்க வேண்டியவை: நின்ற இடங்கள், நின்ற காரணம், படிகளின் எண்ணிக்கை, நிழல் இல்லாத நீளம், சாலை கடக்கும் நேரம். பச்சை மனிதர் விளக்கு எரியத் தொடங்கிய கணத்திலிருந்து எதிர்ப்புற நடைபாதையில் கால் வைக்கும் வரை நொடிகளை எண்ணுங்கள். முதியோரும் உடற்குறையுள்ளோரும் தங்கள் அட்டையைச் சந்திப்பில் உள்ள கருவியில் காட்டினால் 3 முதல் 13 நொடி வரை கூடுதலாகத் தரும் வசதி 2009 முதல் இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் எந்தெந்தச் சந்திப்புகளில் அது இருக்கிறது, அதைப் பற்றித் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். கருவி இருந்தும் அது எதற்கு என்று தெரியாமல் கடந்து போகிற முதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காலை ஏழு மணி, மதியம் இரண்டு மணி, இரவு ஒன்பது மணி என மூன்று வேளை நடக்க வேண்டும். ஒரு வேளையாவது மழையில் அமையட்டும்.

8. பிறகு கேளுங்கள்

கீழ்த்தளத்தில் மேசை போட்டு வருவோர் போவோரிடம் கேட்காதீர்கள். இறங்கி வர முடிந்தவர்கள்தான் அங்கே இருப்பார்கள், நீங்கள் தேடுபவர் மேலே வீட்டில் இருப்பார். புளோக்கின் வீட்டு எண் பட்டியலை எடுத்துக்கொண்டு ஏழுக்கு ஒரு வீடு எனத் தேர்ந்தெடுங்கள். கதவு திறக்கவில்லை என்றால் வேறொரு நாள், வேறொரு நேரத்தில் அதே வீட்டுக்குப் போங்கள். பக்கத்து வீட்டுக்குத் தாவுவதுதான் மிகப் பரவலான பிழை. அப்படித் தாவத் தாவ, எப்போதும் வீட்டில் இருப்பவர்களே உங்கள் பட்டியலில் நிறைவார்கள்.

இப்படித் தேர்ந்தெடுத்த 100 பேரிடம் கேட்டால் விழுக்காடு ஏறக்குறைய 10 புள்ளி மேலோ கீழோ பிசகலாம். 400 பேர் என்றால் 5 புள்ளி. ஆகையால் 100 பேரை வைத்துக்கொண்டு “54 விழுக்காடு 58 ஆக உயர்ந்தது” என்று எழுதாதீர்கள்.

தமிழில் கேட்கும்போது இரண்டு சொற்களில் எச்சரிக்கை தேவை. முதலாவது “வாழ்க்கைத் தரம்”. பெரியவர்கள் பலருக்கு அது பண வசதியைக் குறிக்கும் சொல். “உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி?” என்று கேட்டால் வருமானத்தை விசாரிப்பதாக நினைத்துச் சுருங்கிவிடுகிறார்கள். இரண்டாவது “பரவாயில்லை”. நன்றாக இருக்கிறது என்பதற்கும் அதே பதில், சகித்துக்கொள்கிறேன் என்பதற்கும் அதே பதில். எங்கள் முதல் சுற்றில் தமிழ்ப் பதில்களில் பாதிக்கு மேல் “பரவாயில்லை” என்றே இருந்தது. அதை என்னவென்று எண்ணுவது?

தீர்வு எளிது. கருத்தைக் கேட்காமல் கடைசியாக நடந்ததைக் கேளுங்கள். “மின்தூக்கி எப்படி?” என்பதற்குப் பதிலாக “கடைசியாக மின்தூக்கி நின்றுபோனது எப்போது? அன்று என்ன செய்தீர்கள்?” “அக்கம்பக்கத்தார் உதவுவார்களா?” என்பதற்குப் பதிலாக “கடந்த மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் எதையாவது கேட்டு வாங்கினீர்களா?” இப்படிக் கேட்டால் பரவாயில்லை என்று சொல்லி முடிக்க முடியாது.

அடையாள அட்டை எண், முழுப் பெயர் எதுவும் வேண்டாம். புளோக் எண், மாடி, வயது வரம்பு போதும். மறுவருகைக்காக வைத்திருக்கும் வீட்டு எண் பட்டியலைப் பதில்களோடு சேர்க்காமல் தனியே வைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

9. எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்காதீர்கள்

“எங்கள் வட்டாரம் நூற்றுக்கு 72” என்று அறிவிக்க ஆசை வரும். பூங்கா நன்றாக இருப்பது மின்தூக்கி நிற்பதை ஈடுகட்டிவிடும், குறை மறைந்துபோகும். பத்துக் குறிகாட்டிகளையும் பத்து வரிகளாகவே வையுங்கள். ஒவ்வொரு வரியிலும் சராசரிக்குப் பக்கத்தில் மிக மோசமான நிலையில் இருப்பவரின் எண்ணையும் போடுங்கள். சந்தைக்குச் சராசரி 8 நிமிடம், அதிகபட்சம் 16 நிமிடம் என்று பார்த்ததும் எங்கே வேலை இருக்கிறது என்று யாருக்கும் புரியும்.

10. முடிவை உரியவரிடம் சேர்த்து, மீண்டும் அளங்கள்

முதல் பிரதி பதில் சொன்னவர்களுக்கு. ஒரே பக்கம், நான்கு மொழிகளில், மின்தூக்கி அருகே உள்ள அறிவிப்புப் பலகையில். அதில் பிழை இருந்தால் அவர்களே சொல்வார்கள், அதற்கு ஒரு வாரம் விடுங்கள். பலகையில் ஒட்டுவதற்கு நகர மன்றத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

அடுத்தது பொறுப்பில் இருப்பவர்களுக்கு. இங்கேதான் பல குழுக்களின் உழைப்பு வீணாகிறது, எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் ஒருவருக்கே அனுப்பிவிடுகிறார்கள். புளோக், கீழ்த்தளம், மின்தூக்கி ஆகியவை நகர மன்றத்துக்கு. சாலை, சந்திப்பு விளக்கு, பேருந்து நிறுத்தம் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு. டெங்கித் தடுப்பு தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்கு. பூங்காவும் சாலையோர மரங்களும் தேசியப் பூங்காக் கழகத்துக்கு. எது யாருடையது என்று தெரியவில்லை என்றால் ஒன்சர்விஸ் செயலி வழியாக அனுப்பலாம், அது உரிய அமைப்பிடம் சேர்த்துவிடும். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே ஒரு கோரிக்கை, ஒரு படம், ஓர் எண். “தபால் பெட்டிக்கு அருகில் ஒரு பெஞ்ச்” என்பது போல.

ஆறு மாதம் கழித்து அதே வழியில், அதே வேளைகளில், முடிந்தவரை அதே ஆட்களோடு மீண்டும் நடக்க வேண்டும். அதற்காக முதல் சுற்றிலேயே தேதி, கிழமை, மணி, வானிலை, பள்ளி விடுமுறையா இல்லையா, யார் எந்தப் பையைத் தூக்கி வந்தார் என்பது வரை எழுதி வையுங்கள். எங்கள் முதல் வட்டாரத்தில் இதை எழுதி வைக்கத் தவறினோம். இரண்டாம் சுற்றில் நடை நேரம் நான்கு நிமிடம் குறைந்திருந்தது. புதிய சாய்தளம் காரணமா, அன்று அந்த அம்மையார் இழுவைப் பை கொண்டுவராதது காரணமா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.